அந்திமந்தாரை வந்த வழி

நம் குடியிருப்பின் பின்பக்க மதிலை ஒட்டி, ஜெனரேட்டர் ரூமில் தொடங்கி பம்ப் ரூம் வரை ஓடும் மண் திட்டைப் பற்றிச் சென்ற கமிட்டிக் கூட்டத்தில் பேச்சு வந்தது நினைவிருக்கும். அங்கே பேவர் பிளாக் பதித்து இரண்டு சக்கர வண்டிகளுக்கு இடம் ஒதுக்கலாம் என்று ஒரு தரப்பு. வேண்டாம், நாட்டுச் செடிகள் மட்டும் கொண்ட தோட்டம் போடலாம் என்று இன்னொரு தரப்பு. இரு தரப்பும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான்: இப்போது அங்கே புதராக மண்டியிருக்கும் அந்திமந்தாரையைப் பிடுங்கிவிட வேண்டும். முதல் தரப்புக்கு அது யாரும் நடாமல் தானாக முளைத்த களை. இரண்டாம் தரப்புக்கு அது வெளிநாட்டுச் செடி.

வெளிநாட்டுச் செடி என்பது உண்மை, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் எந்த நாட்டிலிருந்து, எப்போது, எப்படி வந்தது, வந்த இடங்களில் என்ன செய்தது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது என்று தோன்றியது. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவனுக்கு ஒரு கணக்கை மூடும் முன் முழு லெட்ஜரையும் ஒரு தடவை புரட்டிப் பார்க்கும் பழக்கம் போகாது. நான் காமர்ஸ் படித்தவன், தாவரவியல் படித்தவனில்லை. இருந்தாலும் இந்தச் செடியின் லெட்ஜர் அவ்வளவு சுவாரசியமாக இருந்ததால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் விரிந்து மணக்கும் பூக்கள் மேல் நம் மக்களுக்கு எப்போதுமே ஒரு தனிப் பிரியம் உண்டு. சங்க இலக்கியத்தில் முல்லைத் திணைக்குரிய சிறுபொழுதே மாலைதான். முல்லை அரும்பு அவிழ்வதும், மாடு வீடு திரும்புவதும், விளக்கேற்றுவதும், போனவன் இன்னும் வரவில்லையே என்று ஒருத்தி வாசலைப் பார்ப்பதும் ஒரே நேரத்துக் காரியங்கள். மல்லிகையும் முல்லையும் பவளமல்லியும் பொழுது சாய்ந்த பிறகுதான் வாய் திறக்கும். ஆனால் அந்தச் சங்கப் புலவர்களில் ஒருவர்கூட அந்திமந்தாரையைப் பார்த்திருக்க முடியாது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் இதைத் தேடினால் கிடைக்காது. இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492இல் கப்பலேறிப் போன பிறகுதான் கடலுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் இதைப் பார்க்க முடிந்தது.

அங்கிருந்து ஸ்பெயின்காரர்கள் இதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஐரோப்பியத் தோட்டங்களில் இது பேசுபொருளாகிவிட்டது. பெரு நாட்டிலிருந்து வந்தது என்று எல்லோரும் நம்பியதால் இங்கிலாந்தில் இதற்குப் 'பெருவின் அதிசயம்' என்று பெயர். 1597இல் வெளியான ஜான் ஜெரார்டின் பெரிய மூலிகை நூலில் அந்தப் பெயரிலேயே இது இருக்கிறது. டச்சு நாட்டில் துலிப் மலர் பரவக் காரணமாயிருந்த க்ளூசியஸ் என்ற தாவர அறிஞரும் லத்தீனில் இதை அதிசயம் என்ற பொருளிலேயே குறிப்பிட்டார். இன்றைய தாவரவியலார் இதன் சொந்த ஊர் மெக்சிகோவும் அதை ஒட்டிய வெப்பப் பகுதிகளும் என்று சொல்கிறார்கள். ஆனாலும் பெருவின் அதிசயம் என்ற பெயர் ஆங்கிலத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என்ன அதிசயம் என்று கேட்கலாம். ஒரே செடியில் வெவ்வேறு நிறத்தில் பூப்பதுதான். ஒரு கிளையில் மஞ்சள், பக்கத்துக் கிளையில் ரோஸ், ஒரு பூவிலேயே பாதி வெள்ளை பாதி சிவப்பு, இன்னொன்றில் யாரோ பிரஷ்ஷை உதறினாற்போல் புள்ளிகள். நம் பின்பக்க மதில் ஓரத்தில் பம்ப் ரூம் பக்கமுள்ள இரண்டு செடிகளில் இதை நீங்களே பார்க்கலாம். அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்கு இது வித்தையாகத் தெரிந்திருக்கும். நிறத்தை உண்டாக்கும் மரபணு சில செல்களில் நிலையில்லாமல் மாறுவதால் வருவது இது என்று பிற்பாடு கண்டறிந்தார்கள்.

ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1753இல் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தபோது இதற்கு 'மிராபிலிஸ் ஜலாபா' என்று வைத்தார். மிராபிலிஸ் என்றால் அதிசயமானது. ஜலாபா என்பது ஒரு குழப்பம். மெக்சிகோவில் ஜலாபா என்ற ஊர்ப்பக்கத்திலிருந்து பேதி மருந்துக்கான கிழங்கு ஒன்று ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. அந்திமந்தாரைக்கும் கிழங்கு உண்டு, அதுவும் வயிற்றைக் கலக்கும். ஆகவே மருந்துக் கிழங்கு இதுதான் என்று அன்று பலர் நினைத்தார்கள். உண்மையான மருந்துக்கிழங்கு வேறொரு கொடியினுடையது, நம் சர்க்கரைவள்ளியின் உறவு. விஷயம் தெரிந்த பிறகும் பெயரை மாற்றவில்லை. தாவரப் பெயர் விதிகளின்படி முறையாக முதலில் வெளியிட்ட பெயர் பொருந்தாவிட்டாலும் நிற்கும். பாஸ்புக்கில் ஒரு எழுத்து மாறிப் பதிவாகிவிட்டால் அதைத் திருத்த அஃபிடவிட் வரை போன வாடிக்கையாளர்களுக்கு இது புரியும்.

இனி நம் பக்கம் வருவோம். இந்தியாவுக்கு இது எந்தக் கப்பலில் வந்தது என்பதற்குச் சீட்டு இல்லை. ஆனால் எப்போது வந்து சேர்ந்திருந்தது என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஹெண்ட்ரிக் வான் ரீட், மலபார்க் கரையின் செடிகொடிகளைப் பற்றி 12 பெரிய தொகுதிகள் கொண்டுவந்தார். 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்று பெயர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. 740க்கும் மேற்பட்ட செடிகள், ஒவ்வொன்றுக்கும் படம். இதில் வான் ரீடுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நம்மவர்கள்: சேர்த்தலைப் பக்கத்து இட்டி அச்சுதன் வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும். மலையாள எழுத்து முதன்முதலில் அச்சில் ஏறியதும் இந்தப் புத்தகத்தில்தான். அதன் பத்தாம் தொகுதியில் நம் செடி இருக்கிறது. பெயர், 'அந்திமல்லேரி'.

இந்தப் பெயரை நான் முதலில் படித்தபோது சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டேன். 1690களை ஒட்டிய காலத்தில் ஒரு மெக்சிகோச் செடி கேரளக் கரையில் 'அந்தி' என்ற நம் சொல்லோடு, வேரூன்றிய உள்ளூர்ப் பெயராக நிற்கிறது. கொலம்பஸ் போய் 200 வருஷம்தான் ஆகிறது. கடல் கடந்து வந்த ஒரு செடியை வைத்தியரும் வீட்டுப் பெண்களும் தோட்டத்தில் வைத்து, எப்போது பூக்கிறது என்று கவனித்து, பெயர் சூட்டி, அந்தப் பெயர் ஊர்முழுக்கப் பரவி, ஒரு வெள்ளைக்காரரின் புத்தகம் வரைக்கும் போவதற்குள் எத்தனை பேர் கை மாறியிருக்கும்.

போன இடமெல்லாம் இது இப்படித்தான் பெயர் வாங்கியிருக்கிறது. கவனித்தால் பெரும்பாலும் இரண்டே வகை: நேரத்தை வைத்து, அல்லது ஏற்கெனவே பிரியமான ஒரு பூவின் பெயரை ஒட்டவைத்து. ஆங்கிலத்தில் நாலுமணிப்பூ, மலையாளத்தில் இன்று நாலுமணிப்பூவு, மலாயில் 'புங்கா புக்குல் எம்பாட்', அதற்கும் நாலுமணிப்பூ என்றே அர்த்தம். பிரெஞ்சில் 'இரவழகி'. கன்னடத்தில் சஞ்செ மல்லிகெ, வங்காளத்தில் சந்தியா மாலதி, சீனத்தில் ஊதா மல்லிகை. தெலுங்கில் சந்திரகாந்தா. இந்தி, உருதுக்காரர்களுக்கு 'குல் அப்பாஸ்', பாரசீகத்து ஷா அப்பாஸின் பெயர். சிங்களத்தில் ஹெந்திரிக்கா. நமக்கு அந்திமந்தாரை, சில ஊர்களில் அந்திமல்லி. உண்மையான மந்தாரை என்பது ஒட்டகக் குளம்பு போல் பிளந்த இலையுள்ள மரம், அதற்கும் இதற்கும் உறவே கிடையாது. மல்லிகைக்கும் கிடையாது. ரத்த உறவு யாரோடு என்று பார்த்தால் ஆச்சரியம்தான்: நம் முகப்பு வளைவில் ஏறியிருக்கும் காகிதப்பூவும், வயல்வரப்பில் படரும் மூக்கிரட்டைக் கீரையும் இதன் குடும்பம். காகிதப்பூ பிரேசில் பக்கத்துச் செடி. அதைப் பிடுங்க வேண்டும் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. அது கொஞ்சம் வசதியான வெளிநாட்டுக்காரர் போலிருக்கிறது.

ஜப்பானில் இதற்குப் 'பவுடர்ப் பூ' என்று அர்த்தம் வரும் பெயர், ஒஷிரோய்பானா. கரும் மிளகு போலிருக்கும் விதையை உடைத்தால் உள்ளே வெள்ளை மாவு இருக்கும். குழந்தைகள் அதை முகத்தில் பூசி விளையாடுவார்கள். சீனாவில் பெரியவர்களும் பூசியிருக்கிறார்கள். 'செம்மாடக் கனவு' என்ற பதினெட்டாம் நூற்றாண்டு நாவலில், இந்த விதையை அரைத்து வாசனை கூட்டிச் செய்த முகப்பவுடரைப் பற்றி வருகிறது. பூசலாம், தின்னக் கூடாது. விதையும் கிழங்கும் விஷத்தன்மை உள்ளவை, வாந்தி பேதி வரும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டார் இதை மனத்தில் வைக்கவும். பிடுங்க வேண்டும் என்போர் சொல்லியிருக்க வேண்டிய நல்ல காரணம் இதுதான், ஏனோ யாரும் சொல்லவில்லை.

இதுவரை சொன்னது ஊர் ஊராகப் போன கதை. இந்தச் செடி இன்னொரு இடத்துக்கும் போயிற்று, அது விஞ்ஞானிகளின் தோட்டம். பிளஸ் டூ பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தப் பகுதியை அவர்களுக்கும் காட்டுங்கள்.

அந்திமந்தாரைப் பூவில் ஐந்து மகரந்தக் கேசரம், ஒரே சூல், ஆகவே ஒரு பூவுக்கு ஒரே விதை. மகரந்தத் துகள் மற்றப் பூக்களோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது, கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியும். கணக்குப் பார்க்க இதைவிட வசதியான பூ கிடையாது. ஒரு வரவு, ஒரு பற்று. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் கோல்ரூட்டர் என்பவர் இதை வைத்துக் கலப்பினச் சோதனைகள் செய்தார். அப்புறம் ஒரு கேள்வி வந்தது: ஒரு சூல் விதையாக எத்தனை மகரந்தத் துகள் வேண்டும்? பிரான்சின் நோதேன், அந்திமந்தாரையை வைத்தே சோதித்து, ஒன்று போதாது என்றார். டார்வினும் அதை ஏற்றுக்கொண்டார்.

இதை ஒப்புக்கொள்ளாத ஒருவர் இருந்தார். இன்றைய செக் நாட்டில், பிர்னோ ஊர் மடத்தில் பாதிரியார், பெயர் கிரிகோர் மெண்டல். பட்டாணிச் செடியை வைத்து அவர் செய்த ஆராய்ச்சியை எல்லோரும் படித்திருப்பீர்கள், 1865இல் வாசித்து 1866இல் அச்சிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் பட்டாணியோடு நிறுத்தவில்லை, அந்திமந்தாரையையும் வளர்த்தார். ஒரு பூவுக்கு ஒரே ஒரு துகளை எடுத்து வைத்துப் பார்த்தார். 18 நல்ல விதைகள் கிடைத்தன, அவற்றிலிருந்து செடியும் வந்தது. ஒன்று போதும் என்பது முடிவாயிற்று. சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று என்ற சமக்கணக்குதான் அவருடைய பட்டாணிக் கொள்கைக்கே அஸ்திவாரம். இரண்டு மூன்று துகள் சேர்ந்துதான் விதை என்றால் அந்தக் கணக்கு முழுவதும் சரிந்துவிடும். 1870இல் மியூனிக்கில் இருந்த பேராசிரியர் நேகெலிக்கு இதைக் கடிதமாக எழுதினார். அந்திமந்தாரையின் கலப்பினங்களும் பட்டாணி போலவே நடந்துகொள்கின்றன என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது.

நேகெலி அந்த நாளில் பெரிய மனிதர். மெண்டலின் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. அவருக்குப் பிடித்தமான வேறொரு காட்டுச் செடியில் மெண்டல் பல வருஷம் பாடுபட்டார். அந்தச் செடி மகரந்தம் சேராமலே விதை வைக்கும் ரகம் என்பது அன்று யாருக்கும் தெரியாது. கணக்கு வரவே இல்லை. இதற்கிடையில் மெண்டல் மடத்தின் தலைவராகிவிட்டார். 1874இல் மடங்களின் மேல் அரசு புதிய வரி போட, அதை எதிர்த்து மனு எழுதுவதிலேயே மிச்சக் காலம் போயிற்று. வரி வழக்கில் ஒரு மனிதரின் கடைசிப் பத்து வருஷம் கரைந்தது என்பதை என் போன்றவர்கள் கொஞ்சம் குற்ற உணர்வோடுதான் படிக்க வேண்டும். 1884இல் காலமானார்.

கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் நேகெலியிடம் படித்த கார்ல் கோரன்ஸ் என்ற இளைஞர், நேகெலியின் உறவுப் பெண்ணையே மணந்தவர், தாமும் செடிகளைக் கலந்து கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். 1900 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஹூகோ டி விரீஸ் எழுதிய ஒரு கட்டுரையின் பிரதி அவருக்குத் தபாலில் வந்தது. கோரன்ஸ் கண்ட அதே விகிதம் அதில் இருந்தது. மெண்டலின் பெயர் அதில் இல்லை. கோரன்ஸ் ஓரிரு நாளிலேயே தம் கட்டுரையை எழுதி அனுப்பினார். புதிய விதியைக் கண்டுபிடித்தவன் நான் என்று அவரும் உரிமை கொண்டாடியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் கட்டுரையின் தலைப்பிலேயே 'மெண்டலின் விதி' என்று போட்டார். செத்து 16 வருஷமான ஒரு பாதிரியாரின் கணக்கில் வரவு வைத்தார். டி விரீஸும் வேறொரு கட்டுரையில் மெண்டலைக் குறிப்பிட்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் தலைப்பில் பெயர் வைத்தவர் கோரன்ஸ். மெண்டல் நேகெலிக்கு எழுதிய கடிதங்களை 1905இல் வெளியிட்டவரும் அவர்தான். அந்த 18 விதைகள் பற்றி நமக்குத் தெரிவது அதனால்.

வேடிக்கை என்னவென்றால் டி விரீஸுக்கும் ஒரு அந்திப் பூதான் வாழ்க்கைப் பூ. ஹில்வர்சம் என்ற ஊரருகே கைவிடப்பட்ட உருளைக்கிழங்கு வயலில் 1886இல் அவர் பார்த்த 'ஈவ்னிங் பிரிம்ரோஸ்', மஞ்சளாகச் சாயங்காலம் விரிவது. அதில் திடீர் திடீரெனப் புது ரகங்கள் தோன்றுவதைப் பார்த்துத்தான் அவர் தமது சடுதி மாற்றக் கொள்கையை எழுதினார். அந்தச் செடியின் குரோமோசோம் அமைப்பே விசித்திரமானது, அவர் கண்டதில் பெரும்பாலானவை அதன் விளைவு என்று பிறகு தெரிந்தது. கொள்கையின் பெயர் மட்டும் நிலைத்தது.

கோரன்ஸ் அந்திமந்தாரையில் செய்தவை இரண்டு. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் கலந்தார். பட்டாணியில் என்றால் ஒன்று மற்றதை மறைத்துவிடும். இதில் எல்லாம் ரோஸ் நிறமாக வந்தது. அந்த ரோஸை ரோஸோடு கலந்தால் கால் பங்கு சிவப்பு, பாதி ரோஸ், கால் பங்கு வெள்ளை. சிவப்பும் வெள்ளையும் கரைந்து காணாமல் போகவில்லை, அடுத்த தலைமுறையில் அப்படியே திரும்பி வந்தன. நம் மாநிலப் பாடத்திட்டத்துப் பிளஸ் டூ புத்தகத்தில் இது அந்திமந்தாரையை வைத்தே இருக்கிறது. சி.பி.எஸ்.இ. புத்தகத்தில் இதே பாடம் 'ஸ்னாப்டிராகன்' என்ற குளிர்நாட்டுப் பூவை வைத்து. நம் குடியிருப்பில் இரண்டு வகைப் பிள்ளைகளும் உண்டு. இருவருமே படம் வரைந்து பத்து மார்க் வாங்குகிறார்கள். ஜெனரேட்டர் ரூம் பின்னால் அந்தப் பாடம் உயிரோடு நிற்பது யாருக்குத் தெரியும் என்று இரண்டு மூன்று பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது இன்னும் ஆழமானது, 1909இல் வெளியானது. அந்திமந்தாரையில் ஒரு ரகம், ஒரே செடியில் பச்சைக் கிளை, வெளுத்த கிளை, பச்சையும் வெள்ளையும் கலந்த கிளை மூன்றும் இருக்கும். பச்சைக் கிளைப் பூவில் எந்த மகரந்தத்தை வைத்தாலும் பச்சைக் கன்றுதான். வெளுத்த கிளைப் பூவில் எதை வைத்தாலும் வெளுத்த கன்று, அது முளைத்துச் சில நாளில் செத்துவிடும், பச்சையம் இல்லாமல் எப்படிப் பிழைக்கும். ஆக, இந்த ஒரு குணத்தில் தகப்பனுக்குப் பங்கே இல்லை, முழுக்கத் தாய் வழி. மெண்டலின் விதிக்கு வெளியே ஒரு சொத்துரிமை! பச்சையத்தைச் சுமக்கும் கணிகங்களுக்குள் தனியாக மரபுப் பொருள் இருப்பதும், அவை தாயின் கருமுட்டை வழியாகவே போவதும்தான் காரணம். கணிகத்துக்குள் டி.என்.ஏ. இருப்பது 1960களில்தான் உறுதியாயிற்று. நம் உடம்பு செல்களில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் இப்படித்தான், தாயிடமிருந்து மட்டும் வருகிறது. மெண்டலின் விதியைத் தலைப்பில் வைத்துக் கௌரவித்தவரே அந்த விதிக்கு அடங்காத ஒன்றைக் காட்டினார், அதுவும் மெண்டல் வளர்த்த அதே செடியில். கோரன்ஸ் 1933இல் இறந்தார். அவர் அச்சிடாமல் வைத்திருந்த குறிப்புகளில் பெரும்பகுதி 1945இல் பெர்லின் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று.

வாசனையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பூவுக்கு நியாயம் செய்ததாகாது. அந்திமந்தாரை மணப்பது நமக்காக இல்லை, நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சிகளுக்காக. பூவின் குழாய் நீளம், தேன் அடியில் இருக்கிறது. இருட்டத் தொடங்கியதும் பறந்துகொண்டே நின்று குடிக்கும் பூச்சிக்கு நிறம் அவ்வளவாக உதவாது, மணம்தான் வழிகாட்டி. அதனால் வாசனையும் விரிந்த சில மணி நேரம், ஏறக்குறைய ஐந்திலிருந்து எட்டு மணி வரை, தூக்கலாக இருக்கும். அந்த மணத்தில் முக்கியமான சரக்குக்கு ஓசிமீன் என்று பெயர், துளசியின் லத்தீன் பெயரிலிருந்து வந்த சொல். பூச்சி வராவிட்டாலும் நஷ்டமில்லை. காலையில் பூ சுருளும்போது கேசரமும் சூல்தண்டும் சேர்ந்து சுருண்டு தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். தானாக முளைத்துப் பெருகும் ரகசியமும் இதுதான்.

இப்போது நாட்டுச் செடித் தரப்பு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் எண்ணம் நல்லது. தும்பையும் நொச்சியும் பவளமல்லியும் வரட்டும், நானே குழி தோண்டுகிறேன். ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதே குற்றம் என்றால் கணக்கு வெகு தூரம் போகும். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி எல்லாம் அதே கடல் வழி வந்தவை. கல்யாண மாலையில் மணக்கும் நிலச்சம்பங்கி மெக்சிகோப் பூ. ஆயுத பூஜைக்கு வாங்கும் செண்டுப்பூவும் அப்படியே. வெளியிலிருந்து வந்ததில் கெடுதல் செய்வதும் உண்டு, சீமைக்கருவேலம் நம் கண்முன் சாட்சி. அந்திமந்தாரையும் சில நாடுகளில் காடுகளுக்குள் புகுந்து தொல்லை தருகிறது. மூன்று பக்கம் மதிலும் ஒரு பக்கம் தார்ச்சாலையும் உள்ள நம் திட்டிலிருந்து எந்தக் காட்டுக்கும் போக அதற்கு வழியில்லை. பேவர் பிளாக் தரப்புக்கு என்னிடம் பதில் இல்லை. வண்டிக்கு இடம் வேண்டும் என்பது உண்மைதான். மழைத் தண்ணீர் மண்ணில் இறங்க நமக்கு மிச்சமிருப்பது அந்தத் திட்டும் முகப்புப் புல்தரையும் மட்டுமே என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் வளர்க்க விரும்புவோருக்கு. குளிர் நாடுகளில் இதை ஒரு வருஷச் செடியாகவே வைப்பார்கள், பனியில் கிழங்கு அழுகிவிடும். நமக்கு அந்தக் கவலை இல்லை, செடி காய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் இருந்து அடுத்த மழைக்குத் துளிர்க்கும். விதையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி போதும், கிழங்கு பெருக்க இடம் வேண்டும். பாதி நாள் வெயில் இருந்தால் நல்லது. மேற்குப் பார்த்த பால்கனி சரிப்படும், தண்ணீர் தவறினால் இலை துவண்டு பயமுறுத்தும், ஊற்றினால் எழுந்துவிடும். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். உரம் அதிகம் போட்டால் இலைதான் தழைக்கும். மேகமூட்டமான நாளில் நாலு மணிக்கு முன்பே விரியும், சுடு வெயிலில் ஆறுகூட ஆகும். இதன் நாலு மணி நம் ஸ்டாண்டர்டு டைம் இல்லை.

வேறு அந்திப் பூக்களும் உண்டு. வெள்ளைத் தட்டு போல் ராத்திரியில் விரியும் 'மூன்ஃபிளவர்' கொடி நம் வெயிலுக்கு நன்றாக வரும், கம்பி கிரில்லில் ஏற்றலாம். அதுவும் மெக்சிகோப் பக்கத்ததுதான். அந்தக் கொடியின் சாற்றை ரப்பர்ப் பாலில் கலந்து அங்கிருந்த பழங்குடிகள் துள்ளும் பந்து செய்தார்கள், குட்இயர் ரப்பரைப் பதப்படுத்தக் கண்டுபிடிப்பதற்கு மூவாயிரம் வருஷத்துக்கு மேல் முன்னால். அலங்காரப் புகையிலைச் செடியும் சாயங்காலம் மணக்கும், விதை நல்ல நர்சரிகளில் கேட்டுப் பார்க்கலாம். ஐரோப்பியப் புத்தகங்கள் புகழும் இரவு மணக்கும் 'ஸ்டாக்' நம் சமவெளிக்கு ஒத்துவராது, ஊட்டியில் வீடு இருப்பவர்கள் முயலலாம்.

பின்பக்கச் செடிகளில் விதை இப்போது முற்றிக் கறுத்திருக்கிறது. தொட்டாலே கையில் உதிரும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், புள்ளி என்று நிறவாரியாகப் பிரித்து, மேலே பெயர் எழுதிய கவர்களில் அசோசியேஷன் அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். பொதுக்கூட்டத்துக்கு முன் வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம். சிவப்பையும் வெள்ளையையும் கலந்து பார்க்க நினைக்கும் மாணவர்கள் பூ முழுதாக விரியும் முன்பே, நாலு மணிவாக்கில், மொட்டைப் பிரித்துக் கேசரத்தைக் கிள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் அதுவே தன் மகரந்தத்தைச் சேர்த்துக்கொண்டுவிடும்.